மரவள்ளிக்கு முதற்காரணம் எது?

ஒரு பொருள் உண்டாக மூன்று காரணங்கள் வேண்டும் என்பது சைவ சித்தாந்தத்தின் பாலபாடம். குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டமும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் அவர் மாணாக்கர் அருணந்தி சிவாச்சாரியாரும் உலகத்தின் தோற்றத்தை விளக்க இந்தப் பகுப்பையே கையாண்டார்கள். உலகுக்கு மாயை முதல், சத்தி துணை, சிவன் நிமித்தம். குடத்தில் கணக்கு சுலபமாகத் தீர்ந்துவிடுகிறது. போன மண் எவ்வளவோ அவ்வளவு குடம். பயிரில் அது அவ்வளவு சுலபமாகத் தீர்வதில்லை.

ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கத்துச் செம்மண் காடுகளில் மரவள்ளிக்கு விதை போடுவதில்லை. முந்தின வெள்ளாமையின் தண்டைச் சாண் நீளத்துக்கு நறுக்கிக் குச்சியாக நடுகிறார்கள். அதனாலேயே அது குச்சிக்கிழங்கு. ஒன்பது பத்து மாதத்தில் செடி ஆளுயரத்தைத் தாண்டுகிறது. பிடுங்கினால் அடியில் கொத்துக் கொத்தாகக் கிழங்கு. தண்ணீர் வசதியுள்ள தோட்டத்தில் ஏக்கருக்குப் பத்து டன்னுக்கு மேல் எடுப்பது சாதாரணம். கிழங்கைப் பிடுங்கிய குழி மண்ணால் மூடிக்கொள்கிறது. ஓர் உழவு ஓட்டினால் காடு பழையபடி இருக்கிறது. நட்டது ஒரு குச்சி, எடுத்தது கூடைக் கிழங்கு. இடைப்பட்ட பொருள் எங்கிருந்து வந்தது?

மண்ணிலிருந்து என்பதுதான் யாரும் சட்டென்று சொல்லும் விடை. சாத்திரங்களிலும் அதற்கு ஆதரவு உண்டு. தைத்திரீய உபநிடதத்தின் தோற்ற வரிசையில் வெளியிலிருந்து காற்று, காற்றிலிருந்து தீ, தீயிலிருந்து நீர், நீரிலிருந்து நிலம், நிலத்திலிருந்து செடிகொடி, செடிகொடியிலிருந்து உணவு, உணவிலிருந்து மனிதன் என்று வரும். இதன்படி பயிருக்கு நேர் தாய் நிலம். காற்று நான்கு தலைமுறைக்கு முந்திய பாட்டி. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்லும் கணக்கு இன்னும் சுருக்கமானது. உணவென்பது நிலமும் நீரும் கூடியது, ஆகவே இரண்டையும் கூட்டுவிக்கும் நீர்நிலைகளை அமைப்பவனே உடம்பையும் உயிரையும் படைத்தவன் ஆவான் என்கிறார். அரசனைக் குளம் வெட்டத் தூண்டும் பாட்டு அது. தன்னால் கூட்டவோ குறைக்கவோ முடியாத காற்றும் வெயிலும் அரசனுக்கான கணக்கில் இடம்பெறாததில் வியப்பில்லை.

ஐந்து பூதமும் கலந்த மயக்கமே உலகம் என்பது தொல்காப்பியத்தின் கொள்கை. அப்படியானால் பயிரிலும் ஐந்தும் இருக்கவேண்டும். மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பரத்துவாசர் இதையே ஐயமாகக் கிளப்புகிறார்: மரம் கேட்பதில்லை, பார்ப்பதில்லை, அதன் உடம்பில் சூட்டையும் காணோம், அதை ஐம்பூத உடம்பு என்பது எப்படி? பிருகு தரும் விடையின் ஒரு பகுதி பழைய தாவரவியலாகவே வாசிக்கத்தக்கது. தாமரைத் தண்டால் நீரை உறிஞ்சுவதுபோல மரம் காற்றின் துணையோடு வேரால் குடிக்கிறது. குடித்ததை உள்ளிருக்கும் தீயும் காற்றும் செரிக்கச் செய்கின்றன. அதனால் மரம் வளர்கிறது. இங்கே காற்றும் தீயும் வேலையாட்கள். உடம்பாக மாறும் சரக்கு நீர்தான்.

சமணர் ஒரு படி மேலே போனார்கள். சூத்திரகிருதாங்கத்தில் உணவு பற்றிய பகுதி ஒன்று உண்டு. மண்ணில் முளைக்கும் செடி மண்ணின் சாரத்தை உண்பதோடு மண்ணுயிர், நீருயிர், தீயுயிர், காற்றுயிர் ஆகியவற்றின் உடம்புகளையும் உண்டு தன் உடம்பாக்கிக்கொள்கிறது என்று அது சொல்லும். செடியின் உணவுப் பட்டியலில் காற்றை நேரடியாகச் சேர்த்த பழைய நூல் என்ற வகையில் இதற்குத் தனி இடம் தரலாம். ஆனால் சமணருடைய அக்கறை எடையில் இல்லை, கொலையில். ஓரறிவுயிரும் பிற உயிரைத் தின்றே வாழ்கிறது என்பதும், வினையின் வலையிலிருந்து எந்தப் பிறப்பும் தப்பவில்லை என்பதுமே அங்கே வலியுறுத்தப்படுகின்றன.

மணிமேகலையின் 27ஆம் காதையில் சமயவாதிகள் வரிசையாக வந்து தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள். அவர்களில் ஆசீவகன் சொல்வது இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமானது. உயிர், நிலம், நீர், தீ, காற்று என அணுக்கள் ஐந்து வகை. அவை திரண்டு மலையாகும், மரமாகும், உடம்பாகும், பிறகு பிரியும். புதிதாக ஓர் அணு பிறப்பதும் இல்லை, இருப்பது அழிவதும் இல்லை. நீரணு ஒருநாளும் நிலவணுவாகத் திரியாது. இந்தக் கடைசி விதியை மனத்தில் கொள்ளவேண்டும். ஐரோப்பாவின் புகழ்பெற்ற சோதனை ஒன்று பல நூற்றாண்டு கழித்து வழுக்கி விழுந்த இடம் அதுவே.

இத்தனை கொள்கைகளுக்கும் பொதுவான குறை, யாரும் தராசைத் தொடவில்லை என்பது. எளிய ஒரு கணக்கே போதும். ஓர் ஏக்கர் நிலத்தில் அரையடி ஆழத்துக்கு உள்ள மேல்மண்ணின் எடை ஏறக்குறைய 900 டன். பத்து டன் கிழங்கில் நீரைக் கழித்தால் மூன்றரை டன் அளவில் உலர்ந்த பொருள் நிற்கும். தண்டையும் இலையையும் சேர்த்து ஐந்து டன் என்று கொள்ளலாம். இது முழுதும் மண்ணிலிருந்து வருவதாக இருந்தால் 180 வெள்ளாமையில் மேல்மண் தீர்ந்துபோகும். காவிரிக் கரையில் மோகனூரும் பரமத்தி வேலூரும் அதைவிடப் பல மடங்கு காலமாக உழுது விதைத்து அறுத்துவரும் ஊர்கள். அங்கே வயல் பள்ளமாகவில்லை. மண் முதற்காரணம் என்ற வாதம் குடத்துக்குப் பொருந்துவதுபோலப் பயிருக்குப் பொருந்தாது என்பதற்கு வயலின் மட்டமே சாட்சி.

பிரசெல்ஸ் நகரத்து ஃபான் ஹெல்மோன்ட் இதைத் தொட்டியில் வைத்து நிறுத்துப் பார்த்தார். உலர்த்திய மண் 200 ராத்தல். அதில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று. ஐந்து ஆண்டு மழைநீரும் வடிநீரும் மட்டும் ஊற்றினார். மரம் 169 ராத்தலைத் தாண்டியது. மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்ஸ் அளவு. ஆகவே மரமும் பட்டையும் வேரும் நீரிலிருந்தே உண்டாயின என்று முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648இல் வெளியான நூலில் இது இடம்பெற்றது. படைப்பின் தொடக்கத்திலேயே நீர் இருந்ததாக ஆதியாகமம் கூறுவதும் அவருக்குத் துணையாக இருந்தது. தொட்டிக்குள் போனது நீர் ஒன்றே என்று எண்ணியவரை முடிவு தர்க்கத்துக்கு உட்பட்டதே. மணிமேகலையின் ஆசீவகன் மட்டும் அதை ஏற்றிருக்க மாட்டான்: நீரணு மரத்தின் திண்மையாகத் திரிவது எப்படி என்று கேட்டிருப்பான். வேடிக்கை என்னவென்றால் ‘கேஸ்’ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தவர் இதே ஹெல்மோன்ட். 62 ராத்தல் கரியை எரித்தால் ஒரு ராத்தல் சாம்பலே மிஞ்சுகிறது, மற்றதெல்லாம் கேஸாகப் போய்விடுகிறது என்று எழுதியவரும் அவரே. மரம் எதுவாகப் போகிறது என்பதைக் கண்டவர், எதிலிருந்து வருகிறது என்பதற்கு அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை.

திருப்பிப் போட்டுப் பார்க்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1771இல் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி சீராக்குவதைக் கண்டார். அது வெயிலில் மட்டுமே நடக்கிறது என்பதை 1779இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். 1804இல் ஜெனீவாவின் டி சோசூர், செடி கரியமில வாயுவை எடுத்து எடை கூடுகிறது, கூடிய எடையில் நீருக்கும் பங்கு உண்டு என்று நிறுத்தே நிறுவினார். 1941இல் அமெரிக்காவில் ரூபனும் கேமனும் கனமான ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டு, செடி வெளிவிடும் ஆக்சிஜன் நீரிலிருந்து பிரிந்து வருவது என்று காட்டினார்கள். நீரில் இருந்த ஆக்சிஜன் வெளியேறுகிறது. ஹைட்ரஜன் தங்கிக் காற்றிலிருந்து வந்த கார்பனோடும் ஆக்சிஜனோடும் கூடி மாவாகிறது.

இந்தக் கணக்கை, மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் வாசலிலேயே பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர் பக்கத்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் தலையெடுத்த தொழில் இது; 1981 முதல் உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இயங்கிவருகிறது. கிழங்கு லாரி வந்து நின்றால் முதல் பேச்சு ‘எத்தனை பாயிண்ட்’ என்பது. கிழங்கில் மாவுச்சத்து நூற்றுக்கு எவ்வளவு என்பதே பாயிண்ட். ஒரே எடையுள்ள இரண்டு லோடுகளில் 28 பாயிண்ட் உள்ளதற்கு ஒரு விலை, 24க்கு வேறு விலை. மழை பிடித்த கிழங்கில் பாயிண்ட் இறங்கினால் காட்டுக்காரரின் முகமும் இறங்கும். அந்தப் பாயிண்டால் அளக்கப்படும் பொருளில் மண் துளியும் இல்லை. ஒரு டன் மாவில் கார்பன் மட்டும் 440 கிலோவுக்கு மேல். அந்தக் கார்பனைத் தர 1,630 கிலோ கரியமில வாயு வேண்டும். கரியமில வாயு காற்றில் பத்தாயிரத்துக்கு நான்கு பங்குதான் இருக்கிறது. ஓர் ஏக்கரின் தலைக்குமேல் அரைக் கிலோமீட்டர் உயரம் வரை நிற்கும் காற்றில் உள்ள அவ்வாயு முழுவதையும் வடித்தால் ஒரு டன் மாவு தேறும். காற்று நிற்காமல் வீசிக்கொண்டிருப்பதால்தான் இலைக்குப் பஞ்சம் வருவதில்லை. ஆலைக்காரர் விலை கொடுப்பது, பெரும்பங்கு, கெட்டியாகிப்போன காற்றுக்கு.

ஆகவே மாவைப் பொறுத்தவரை முதற்காரணம் காற்றும் நீரும். வெயில்? அது எடையில் சேராது. எந்தப் பகுதியையும் காட்டி இது வெயில் என்று சொல்ல முடியாது. ஆனால் அது இல்லாமல் காற்றும் நீரும் தாமாகக் கூடி மாவாவதில்லை. சித்தாந்தத்தின் துணைக்காரணத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பிருகு தீயை வேலையாளாக வைத்தது இவ்வகையில் சரியே. தீயின் இருப்பிடத்தை மட்டும் மரத்துக்குள் தேடிவிட்டார்.

இனி விதையின் பங்கு. ஆலமரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுட்பமாக விதைக்குள் இருக்கிறது என்று உத்தாலகர் மகன் சுவேதகேதுவுக்குக் காட்டும் சாந்தோக்கிய உபநிடதக் கதை புகழ்பெற்றது. காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்பது சாங்கியருக்கும் சித்தாந்திகளுக்கும் உடன்பாடான சற்காரியவாதம். இல்லை, நூலில் இல்லாத ஆடை புதிதாகவே தோன்றுகிறது என்பது வைசேடிகரின் எதிர்வாதம். இரண்டையும் உரசிப் பார்க்கும் கல் மாரியம்மன் கோயில் திருவிழாவின் முளைப்பாரியில் இருக்கிறது. நவதானியத்தை மண்சட்டியில் விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, தண்ணீர் தெளித்து வளர்க்கிறார்கள். சில நாளில் முளைகள் நெருக்கமாக எழுகின்றன. பச்சை இல்லை, வெளிறிய மஞ்சள். கண்ணுக்கு இது பெரிய வளர்ச்சி. நீரை உலர்த்தி நிறுத்தால் விதைத்த தானியத்தைவிட எடை குறைந்திருக்கும். விதையில் இருந்த மாவில் ஒரு பகுதி மூச்சாகச் செலவாகிவிட்டது. இருட்டறை முளை முழுக்க விதையிலிருந்தே வந்தது. அங்கே சற்காரியவாதம் சொல்லுக்குச் சொல் உண்மை, அதனாலேயே அந்த முளை நெடுநாள் வாழாது. வெயிலுக்கு வந்த செடியோ விதையில் இல்லாத பொருளை வெளியிலிருந்து சேர்க்கத் தொடங்குகிறது. இங்கே பொருளின் கணக்கில் வைசேடிகர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் முள்ளுவாடி ரகக் குச்சியிலிருந்து முள்ளுவாடியே வருகிறது, ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகத்தின் குச்சியிலிருந்து அந்த ரகமே வருகிறது. அமைப்பு குச்சிக்குள் இருந்தது, சரக்கு வெளியே இருந்தது. பழைய வாதம் ஓயாததற்குக் காரணம், ‘மரம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இந்த இரண்டையும் பிரிக்காமல் வைத்து வாதிட்டதுதான்.

வைசேடிகரைப் பற்றி இன்னொரு செய்தி. மரத்துக்குள் நீர் மேலேறுவதற்குக் காரணம் அதிருஷ்டம், அதாவது காணப்படாதது, என்று கணாதரின் சூத்திரம் ஒன்று சொல்கிறது. பின்வந்த உரையாசிரியர்கள் அதை உயிர்களின் வினைப்பயன் என்று விரித்தார்கள். இலைகளில் ஆவியாகும் நீரே அடியிலுள்ள நீரை இழைபோல் இழுக்கிறது என்று டிக்சனும் ஜோலியும் 1894இல் விளக்கும்வரை ஐரோப்பாவிலும் இதற்கு உறுதியான விடை இல்லை. காணாததைக் காணப்படாதது என்று எழுதி வைத்த நேர்மை கணாதருடையது.

அப்படியானால் மண்ணுக்கு என்ன வேலை? செடியை எரித்துப் பார்த்தால் தெரியும். காற்றிலிருந்து வந்தது காற்றுக்கே போகிறது. மிஞ்சும் சாம்பலில் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், பாஸ்பரஸ், சிலிக்கா, இரும்பு எல்லாம் மண் கொடுத்தவை. பல பயிர்களில் உலர்ந்த எடையில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. நைட்ரஜன் மட்டும் இந்தச் சோதனையில் ஏய்க்கும்: வேர்வழி மண்ணிலிருந்து வந்தாலும் எரிக்கும்போது காற்றோடு போய்விடும். அதன் ஊற்றும் காற்றுதான். நிலக்கடலை போன்ற பயறினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதை ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களில் கண்டார்கள். தானியக் காட்டில் கடலையை மாற்றிப் போடும் உழவர்கள் காரணம் தெரியாமலே பயனை அறிந்திருந்தார்கள்.

அளவு சிறிது என்பதால் மண்ணின் பங்கு சிறிதாகிவிடாது. லீபிக் பரப்பிய கொள்கையின் சாரம், எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலின் எல்லை என்பது. இலையில் இருக்கும் மக்னீசியம் நிறுத்தால் ஒன்றுமில்லை. அது இல்லாவிட்டால் பச்சையம் இல்லை, பச்சையம் இல்லாவிட்டால் அத்தனை காற்றும் வெயிலும் வீண். ஆக, முதற்காரணம் துணைக்காரணம் என்ற கோடு மண்ணின்மீது நேராக விழுவதில்லை. மண் தன் பொருளில் சிறிது கொடுப்பதால் முதல். காற்றை மாவாக்கும் கருவியை அமைத்துத் தருவதால் துணை. குடத்தை மட்டும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்ட தருக்கத்துக்கு இந்த இரட்டை வேடம் புலப்பட வாய்ப்பில்லை. செடியை எடுத்துக்காட்டாகக் கொண்டிருந்தால் சித்தாந்தத்தின் காரணவியல் இன்னும் நுட்பமாகியிருக்கும்.

சமயச் சடங்குகளில் இந்தப் பிரிவினை அறிந்தோ அறியாமலோ பதிந்திருக்கிறது. பசு தின்ற புல்லின் சாணத்தைச் சுட்டு எடுக்கும் திருநீறு, புல்லில் மண் கொடுத்த பங்கு மட்டுமே. காற்றின் பங்கும் நீரின் பங்கும் சுடும்போதே விடைபெற்றுவிட்டன. மனித உடம்பும் பயிரைத் தின்று வளர்ந்ததே. சுடுகாட்டில் எரிந்தபின் காவிரியில் கரைக்கக் கொண்டுபோகும் எலும்பும் சாம்பலும் மண்ணின் பங்கு. மற்றது அதற்கு முன்பே புகையாகவும் ஆவியாகவும் போயிற்று. மண்ணில் பிறந்தது மண்ணுக்கே என்ற பேச்சு, எடைப்படி பார்த்தால், உடம்பில் சிறு பகுதிக்கே பொருந்தும். பெரும்பகுதி நீரிலும் காற்றிலும் பிறந்து அவற்றுக்கே போகிறது. ஐம்பூதமும் தத்தம் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன என்ற பழைய கருத்து இதைவிடத் துல்லியமானது.

மண்ணின் பங்கு வட்டாரம் விட்டு வட்டாரம் நடப்பதும் நாமக்கல்லில் கண்கூடு. கோழிப்பண்ணைகளுக்கான மக்காச்சோளம் கர்நாடகம், பீகார் வரையில் இருந்து வருகிறது. முட்டை வெளியூர் போகிறது; எரு உள்ளூர் மஞ்சள், மரவள்ளிக் காடுகளுக்குப் போகிறது. எங்கோ ஒரு வயலின் பாஸ்பரஸ் பரமத்தி பக்கத்துக் காட்டில் வந்து சேர்கிறது. அந்த வயலுக்கு அது திரும்பப் போவதில்லை. காற்றின் பங்கை எந்த ஊரும் இழப்பதில்லை, காற்று எல்லாருக்கும் பொது. மண்ணின் பங்குதான் போனால் போனது. பூமியைத் தாய் என்று வணங்குவதற்கு, அவள் உடம்பு முழுவதையும் தந்தாள் என்ற காரணம் நிற்காது. தந்தது சிறிது, அதுவும் தீரக்கூடியது என்ற காரணம் நிற்கும், முன்னதைவிடப் பலமாகவே.

மரவள்ளி இதில் தாராளமான பயிரும் அல்ல. சாம்பல் சத்தை, அதாவது பொட்டாசியத்தை, நிறைய இழுக்கும் என்பது காட்டுக்காரர்களுக்குத் தெரியும். இழுத்தது ஜவ்வரிசிக்குள் போவதில்லை. அரைத்த பாலைத் தொட்டியில் தெளியவிட்டு மாவை அலசும்போது ஆலைத் தண்ணீரோடு ஒரு பகுதி போகிறது. தோலிலும் சக்கையான திப்பியிலும் ஒரு பகுதி. காட்டு மேட்டில் காயப்போட்டுக் கொளுத்தும் தண்டிலும் இலையிலும் மற்றது. இந்தியாவின் உணவு விதிகளின்படி ஜவ்வரிசியில் மொத்தச் சாம்பல் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சேலத்திலிருந்து ஒரு டன் ஜவ்வரிசி லாரி ஏறினால் அதோடு போகும் மண்ணின் பங்கு நான்கு கிலோவுக்கு மேல் இல்லை. ஆலைத் தண்ணீரோடு போனது நீங்கலாக மற்ற பங்கெல்லாம் இலையும் தண்டும் தோலும் திப்பியுமாக இங்கேயே கிடக்கிறது, திரும்பக் காட்டுக்குப் போடவேண்டியது அதுதான்.